என் மாமனாரின் அனுபவத்தில் உள்ள செமி ஆட்டோமேட்டிக்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வாழ்நாளில் நான் துப்பாக்கியைத் தொட்டது ஒரே ஒரு முறை. செட்டிகுளம் தேர்த் திருவிழாவில், பலூன் சுடும் கடையில். ஆறு குண்டு கொடுத்தார்கள். ஆறில் ஒன்றுகூடப் பலூன் பக்கம் போகவில்லை. ஒன்று மட்டும் கடைக்காரரின் டிபன் கேரியரில் பட்டு ‘டங்’ என்றது. அவர் துப்பாக்கியை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “அண்ணே, நீங்க ராட்டினத்துக்குப் போங்க” என்றார்.

இந்தத் தகுதியை வைத்துக்கொண்டுதான் நான் இரண்டு வருடம் பெரம்பலூரில் செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்களைப் பற்றி விரிவுரை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

என் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. எரிந்துபோன கிணற்று மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் வரும். அந்த வேலையில் ஒரு கஷ்டம் உண்டு. கைக்கு மட்டும்தான் வேலை. காதும் வாயும் சும்மா இருக்கும். காதுக்கு வேலை கொடுக்கலாம் என்று போனைக் கிரைண்டர் கல்லில் சாய்த்து வைத்து யூடியூப் பார்க்க ஆரம்பித்தேன். எப்படியோ ஒரு வெளிநாட்டுத் தாடிக்காரர் வந்து மாட்டினார். அவர் ஊரில் ரைபிளைக் கடையில் வாங்கலாமாம், நாம் மிக்ஸி வாங்குவதுபோல. வீட்டுக்கு ஒன்று வாங்குவதென்றால் பழைய மாடல் வாங்கலாமா, புது மாடல் வாங்கலாமா என்று வாரம் ஒரு முறை ஒப்பிட்டுக் காட்டுவார். அவர் பேசிய இங்கிலீஷில் கால்வாசி எனக்குப் புரிந்தது. மீதி முக்கால்வாசியை நானே தயாரித்துக்கொண்டேன்.

நம் நாட்டில் சாதாரண ஆளுக்கு அதற்கெல்லாம் லைசென்ஸே கிடைக்காது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. (அவர் ஏன் சொல்லப்போகிறார்? அவருக்கு அரியலூரைத் தெரியுமா?)

இப்படிச் சேர்ந்த ஞானத்தைக் கலியபெருமாள் சலூனில் இறக்கி வைப்பேன். “பழைய ரைபிள் இருக்கே, மரக்கட்டை, இரும்பு. கனம். சுட்டா தோளு கழண்டுரும். புதுசு பிளாஸ்டிக்கு மாதிரி ஒரு அயிட்டம். எடை கம்மி, உதை கம்மி. மேல பைனாகுலர் மாட்டலாம், டார்ச் மாட்டலாம். எவன் பழசை வாங்குவான்?” என்று கேட்பேன். முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவரால் எழுந்து ஓட முடியாது என்பது என் சொற்பொழிவுகளுக்கு இருந்த முக்கியமான வசதி.

ஒருநாள் கலியபெருமாள் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்: “நாட்டுல ரேடியோவுலேர்ந்து ரோடு ரோலர் வரைக்கும் லைசென்ஸ் கேட்டானுவ. ஒன் வாய்க்கு மட்டும் எவன்டா கேக்காம வுட்டான்?”

மனிதர்கள் போகிற போக்கில் சொல்வதைக் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. இதையும் பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதி வைத்தேன். பாராட்டு என்று நினைத்து எழுதினேன் என்பதைத்தான் இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என் மாமனார் தங்கராசு ரெட்டிபாளையத்தில் இருக்கிறார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அரியலூரில் ஒரு நகைக்கடன் ஆபீஸில் கன்மேன். சொந்தமாக ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி, அதற்கு லைசென்ஸ், தோளில் ஒரு தோட்டாப் பட்டை. காலை ஒன்பது மணிக்கு வாசலில் நின்றால் சாயங்காலம்வரை அங்கே நிற்பார். ஒரு நாளைக்கு அவர் பேசும் வார்த்தைகளை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிவிடலாம்.

பட்டாளத்துக் கதை ஒன்றுகூட அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால், அங்கே அவர் சமையல் கட்டிலோ ஸ்டோர் ரூமிலோதான் இருந்திருக்க வேண்டும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கல்யாணமான புதிதில் மறுவீட்டு விருந்து முடிந்து வெற்றிலை போடும்போது அவரையும் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் ரைபிள் பாடம் எடுத்திருக்கிறேன். குண்டு வெடித்த புகையே அடுத்த குண்டை உள்ளே தள்ளும் விந்தையை வெற்றிலைப் பெட்டியை வைத்து விளக்கினேன். “புரியுதா மாமா?” என்று நடுநடுவே கேட்டேன். அவர் ஒவ்வொரு முறையும் தலையாட்டினார்.

மலர், என் மனைவி, அன்றைக்கே சொன்னாள். “எங்கப்பா ஒன்னும் சொல்லலேன்னா ஒத்துக்கிட்டாருன்னு அர்த்தமில்லீங்க.” நான் அவளுக்கும் விளக்க ஆரம்பித்தேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்தது. மாதக் கடைசிக்குள் புதுப்பிக்காவிட்டால் ஆபீஸில் வேறு கன்மேனைப் போட்டுவிடுவார்கள். கன்மேன் வேலையில் ‘மேன்’ இலவசம், ‘கன்’னுக்குத்தான் சம்பளம். கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பத்தோடு ஒரு கடிதமும் வைக்கச் சொல்லியிருந்தார்கள். என் கையெழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கும் என்று ஒரு பெயர் உண்டு.

“மாப்ளே, லைசென்ஸைப் புதுப்பிச்சுத் தரணும்னு நாலு வரி எழுதிக் குடுங்க” என்றார்.

நாலு வரி! பத்து வருடம் மேடைக்காகக் காத்திருந்த பாடகனிடம் வந்து ‘கொஞ்சம் தொண்டையைக் கனைத்துக் காட்டு’ என்று கேட்டதுபோல இருந்தது எனக்கு. மூன்று பக்கம் எழுதினேன். இரட்டைக் குழல் துப்பாக்கி காலாவதியான வடிவமைப்பு என்று ஆரம்பித்தேன். இரண்டு முறை சுட்ட பிறகு கொள்ளைக்காரர்களிடம் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று கேட்டுக்கொள்ள வேண்டிய அவல நிலையை உருக்கமாக விவரித்தேன். செமி ஆட்டோமேட்டிக் என்றால் விசையை இழுக்க இழுக்க ஒவ்வொன்றாகச் சுடும், அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் என்று கலெக்டருக்கே பாடம் எடுத்தேன். அதற்கும் மேலே போய், கனம் வேண்டும் என்று இந்த வரியை எழுதினேன்:

‘எனது அனுபவத்தில் உள்ள பழைய மற்றும் நவீன செமி ஆட்டோமேட்டிக் ரகங்களை ஒப்பிடுகையில், நவீன ரகமே வைத்துக்கொள்ளச் சிறந்தது எனத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’

‘அனுபவத்தில் உள்ள’ என்பதை நான் பட்டா மனுக்களில் பார்த்திருக்கிறேன். மேற்படி நிலம் என் அனுபவத்தில் உள்ளது என்று எழுதுவார்கள். கேட்கக் கம்பீரமாக இருக்கும். அது ‘என் கைவசம் உள்ளது’ என்று பொருள்படும் சொல் என்பதும், கலெக்டர் ஆபீஸில் அதற்கு அந்த ஓர் அர்த்தம்தான் உண்டு என்பதும், அங்கே யாரும் ‘அனுபவம்’ என்றதும் வாழ்க்கை அனுபவத்தை நினைக்கமாட்டார்கள் என்பதும் இந்த மேதாவிக்குத் தோன்றவில்லை. என் மாமனாரின் கைவசம் இரண்டு செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்கள் இருப்பதாக, அவர் பெயரிலேயே, குண்டு குண்டான கையெழுத்தில், அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவரிடம் நீட்டினேன். மூன்று பக்கத்தையும் கையில் எடை பார்த்தார். மூக்குக் கண்ணாடி எடுத்து வரவில்லை.

“நாலு வரி இவ்ளோ ஆயிருச்சா?”

“விவரமா இருக்கட்டும்னு மாமா.”

“மாப்ள எழுதுனா சரியாத்தான் இருக்கும்” என்று கையெழுத்துப் போட்டார். இதுவரை என்னை யாரும் அப்படித் திட்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் மலரும் ரெட்டிபாளையம் போயிருந்தோம். அந்த வாரம் கணக்கெடுப்பு என்று மாமனார் ஆபீஸுக்குப் போய்விட்டார். நான் உள்ளே கோழிக் குழம்போடு உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஓர் ஏட்டு. என் மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

சப்-இன்ஸ்பெக்டர் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார். “ஒன்னுமில்லம்மா, ஒரு விசாரணை. வூட்ல செமி ஆட்டோமேட்டிக் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?”

“இருக்குங்களே” என்றார் அத்தை. “ரெண்டு இருக்கு.”

ஏட்டு சட்டென்று நோட்டைத் திறந்தார்.

“ரெண்டா?”

“பழசு ஒன்னு, புதுசு ஒன்னு. புதுசு எங்க மாப்ள குடுத்தாரு, போன தீவாளிக்கு.”

“மாப்ளைக்கு எங்கேருந்து கெடைச்சுது?”

“அவருக்கு இதான தொழிலு! கெட்டுப்போனத எல்லாம் கொண்டாந்து குடுப்பாங்க. பிரிச்சு, சரிபண்ணி, புதுசாட்டம் ஆக்கிக் குடுத்துருவாரு.”

நான் வாயில் ஓர் எலும்போடு அப்படியே உறைந்தேன். அத்தை எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர்களுக்குப் புரியவில்லை என்பதும் புரிந்துவிட்டது.

“எங்கம்மா வச்சிருக்கீங்க?”

“பின்னால, பாத்ரூம் ஓரமா. பழசை மட்டும் சாக்குப் போட்டு மூடி வச்சிருக்கேன்.”

“யாரு யூஸ் பண்றது?”

“நாந்தாங்க. வாரத்துல ரெண்டு நாளு.” அத்தைக்கு உற்சாகம் வந்துவிட்டது. இத்தனை நாளாக இதை யாரும் அவரிடம் அக்கறையாகக் கேட்டதில்லை. “ஆனா பழசு மாதிரி வராதுங்க. சத்தம் அதிகந்தான், இல்லேங்கல. போட்டா எகிறி எகிறிக் குதிக்கும், ஒரு ஆளு புடிச்சிக்கிட்டே நிக்கணும். ஆனா எவ்ளோ போட்டாலும் தாங்கும். புதுசு சத்தமே கெடையாது. அத்தனையும் பிளாஸ்டிக்கு. எனக்கு நம்பிக்கையே இல்லீங்க.”

இரண்டு வருடம் நான் யூடியூபில் படித்த மொத்தப் பாடத்தையும் அத்தை அரை நிமிடத்தில், அந்தத் தாடிக்காரரைவிடத் தெளிவாகச் சொல்லி முடித்துவிட்டார்.

ஏட்டு கேட்டார். “இவ்ளோ சத்தம் வருதுங்கிறீங்க, அக்கம்பக்கத்துல யாரும் ஒன்னும் கேக்கலையா?”

“என்ன கேக்குறது? அவங்களுந்தான் வந்து போட்டுக்கிட்டுப் போறாங்க!”

சப்-இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு ஜீப்பைப் பார்த்தார். பிறகு இருவரும் பூனை நடப்பதுபோலப் பின்பக்கம் போனார்கள். ஏட்டு சாக்கின் ஒரு முனையை லத்தியால் தூக்கினார்.

வாஷிங் மெஷின். உள்ளே என் மாமனாரின் லுங்கி.

“இதாம்மா செமி ஆட்டோமேட்டிக்?”

“ஆமாங்க. தொவைக்கிறது இந்தப் பக்கம், புழியறது அந்தப் பக்கம்.”

ஏட்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சப்-இன்ஸ்பெக்டருக்கே உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. கடவுள் சத்தியமாக, விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான் மட்டும் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வராமல் இருந்திருந்தால்.

“சார், நீங்க கேக்குறது இதில்ல” என்றேன், எச்சில் கையோடு. “லெட்டர்ல இருக்கறது ரைபிளு. அது நான் எழுதுனது.”

சிரிப்பு போய்விட்டது. “நீ எழுதுனதா? அனுபவத்துல உள்ளன்னு போட்டிருக்கே?”

“அனுபவம்னா பாத்த அனுபவம் சார்.”

“எங்க பாத்த?”

“போன்ல.”

“போனக் குடு.”

கொடுத்தேன். திறந்ததும் வரிசையாக ரைபிள். கீழே தள்ளினார், ரைபிள். இன்னும் தள்ளினார், நடுவில் ஒரு மீன் குழம்பு, அதற்குக் கீழே மறுபடி ரைபிள். இந்த நேரத்தில் புத்தியுள்ளவன் வாயை மூடியிருப்பான். நானோ, என் ஆர்வம் வெறும் கல்வி சம்பந்தப்பட்டது என்று நிரூபிக்க நினைத்தேன். பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த ஒட்டடைக் குச்சியை எடுத்துத் தோளில் வைத்து, “இப்பப் பாருங்க சார், பழைய மாடல்னா உதை இப்படி வரும்…” என்று சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினேன்.

“கீழ போடுய்யா!” என்று ஏட்டு கத்தினார்.

ஒட்டடைக் குச்சிக்காகக் காவல்துறையிடம் கை தூக்கி நின்ற ஆள் இந்த இரண்டு மாவட்டத்திலும் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாமனாருக்குத் தகவல் போய், அவர் யூனிஃபார்மோடு, தோளில் துப்பாக்கியோடு ஸ்டேஷனுக்கு வந்தார். மேஜைமேல் என் மூன்று பக்கம் கிடந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அவரை உட்காரச் சொன்னார். அவர் நின்றார்.

“பெரியவரே, படிச்சுப் பாக்காமலா கையெழுத்துப் போட்டீங்க?”

“மாப்ள எழுதுனதுங்க” என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தார். எரிந்துபோன காயிலை நான்தான் அப்படிப் பார்ப்பேன்.

“மிலிட்டரில எத்தன வருஷம்?”

“பதினேழு வருஷங்க. கடைசி ஆறு வருஷம் ட்ரெயினிங் சென்டர்ல. வெப்பன் ட்ரெயினிங் இன்ஸ்ட்ரக்டர்.”

“என்ன வெப்பன்?”

“எஸ்.எல்.ஆருங்க. அப்பறம் அதுக்குப் பதிலா வந்த புது ரைபிளு. ரெண்டும் சொல்லிக் குடுத்திருக்கேன்.”

எஸ்.எல்.ஆர். என்றால் செல்ஃப் லோடிங் ரைபிள். தானே குண்டு ஏற்றிக்கொள்வது. அதாவது, செமி ஆட்டோமேட்டிக். நான் வெற்றிலைப் பெட்டியை வைத்து இரண்டு மணி நேரம் பாடம் எடுத்தது, ஆறு வருடம் அதையே நூற்றுக்கணக்கான ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு. அந்த ஸ்டேஷனில் லாக்கப் கதவு திறந்துதான் இருந்தது. நானாகவே உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

என்னை விட்டுவிட்டார்கள். துப்பாக்கியை விடவில்லை. கடிதம் கலெக்டர் ஆபீஸ் ஃபைலில் ஏறிவிட்டதால், அங்கிருந்து பதில் வரும்வரை துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்க வேண்டும் என்றார்கள். மாமனார் தோட்டாப் பட்டையைக் கழற்றி, மடித்து, மேஜைமேல் வைத்தார். அதை அவர் மடித்த விதத்தைப் பார்க்காமல் நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். மாதம் முடியப் பதினெட்டு நாள் இருந்தது.

மறுநாள் முதல் அவருக்கு ஆபீஸில் டோக்கன் கொடுக்கிற வேலை. வாசலில் விறைப்பாக நின்ற மனிதர், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ‘பதினாலு, உள்ள போங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேனேஜர் மாதக் கடைசிவரை பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். வழக்கமாக வரும் ஒரு வாடிக்கையாளர் அவரைப் பார்த்து, “என்னங்க, துப்பாக்கியையும் இங்கயே அடகு வச்சுட்டீங்களா?” என்று கேட்டாராம். இதை அவர் சொல்லவில்லை. அந்த வாரம் அம்மா வீட்டில் தங்கி ஆபீஸுக்குச் சாப்பாடு கொண்டுபோன மலர் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. நான் பேனாவை எடுத்தேன். ‘மதிப்பிற்குரிய ஐயா, துப்பாக்கிகளின் வரலாற்றை நோக்குமிடத்து’ என்று எழுதும்போதே மாமனார் தாளை என் கைக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைப் போட்டு அவரே எழுதினார்.

‘என் மருமகன் விவரம் தெரியாமல் எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் கைவசம் இருப்பது ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி மட்டுமே. அதற்கு லைசென்ஸ் புதுப்பித்துத் தர வேண்டுகிறேன். மற்றபடி வீட்டில் இரண்டு துணி துவைக்கும் மெஷின்கள் உள்ளன.’

நாலே வரி.

கடிதத்தைக் கொடுக்க அரியலூருக்குப் பஸ்ஸில் போனோம். ஜன்னல் ஓரம் அவர், பக்கத்தில் நான். சிமெண்ட் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தன. எனக்குத் தாங்கவில்லை.

“மாமா, அன்னிக்கு ரெண்டு மணி நேரம் பேசுனேனே. நீங்க இன்ஸ்ட்ரக்டரா இருந்தீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேக்கலையே மாப்ளே” என்றார். “சொல்லிக்கிட்டுல்ல இருந்தீங்க.”

நான் விடாக்கண்டன். “செரி, இப்பக் கேக்குறேன். பழசா, புதுசா, எது மாமா நல்லது?”

அவர் யோசித்தார். நான் பில் புத்தகத்தை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“பழசு கனம். புதுசு கனமில்லன்னு குடுத்தானுவ. முப்பது கிலோமீட்டர் தூக்கிக்கிட்டு நடந்தா, அதுவுங் கனந்தான்.” பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். “ரெண்டும் வாயத் தொறந்து பேசாது. அது ஒரு வசதி.”

லைசென்ஸ் புதுப்பித்து வந்தபோது மாதம் முடிய இரண்டு நாள் மிச்சம். அவர் ஸ்டேஷனுக்குப் போய்த் துப்பாக்கியை வாங்கி, அங்கேயே குழலைத் துடைத்து, தோட்டாப் பட்டையை மாட்டிக்கொண்டு நேராக ஆபீஸ் வாசலில் போய் நின்றார். டோக்கன் நாற்காலியைக் காலால் ஓரமாகத் தள்ளினாராம். அவர் வாழ்க்கையில் காட்டிய அதிகபட்சக் கோபம் அதுதான் என்கிறாள் மலர்.

அதன்பிறகு என் பேனாவுக்கு எங்கள் குடும்பத்தில் மரியாதை இல்லை. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டுமா, பேங்கில் படிவம் நிரப்ப வேண்டுமா, நான் கையை நீட்டினால் போதும், “அய்யய்யோ, அனுபவத்தில் உள்ளன்னு எழுதிருவாரு!” என்று யாராவது பிடுங்கிக்கொள்வார்கள். அத்தை துணி போடும் நாளில் மாமனார், “இன்னிக்கு ஃபயரிங்கா?” என்று கேட்பார். கலியபெருமாள் சலூனில் என் கழுத்தைச் சுற்றித் துணி போடும்போதே, “மொதல்ல லைசென்ஸைக் காட்டு” என்கிறார்.

போன மாதம் அத்தையின் பழைய மெஷின் கடைசியாக ஒருமுறை குதித்துவிட்டு நின்றுவிட்டது. என்னாலும் காயில் கட்ட முடியாத நிலை. பெரம்பலூரில் ஒரு கடைக்கு எல்லோருமாகப் போனோம். விற்பனைப் பெண் சிரித்த முகமாக வந்தாள். “என்ன பாக்குறீங்கம்மா? செமியா, ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கா?”

ஒரு மெஷினுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். மலர் என் காலை மிதித்தாள்.

அத்தை அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, மிகுந்த கவலையோடு சொன்னார்:

“ஃபுல்லு வேணாந்தாயி. செமிக்கே வூட்டுக்கு ஜீப்பு வந்துருச்சு.”